கீழுதட்டுக்கு நிழல்

மார்ச் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. துவைத்த துணியெல்லாம் உள்ளேயே தொங்குகிறது. கார்னிவல் முடிந்து இரண்டு வாரமாகியும் எங்கள் மலைநகரம் ஓருரோ இன்னும் தூக்கம் கலையாத முகத்தோடுதான் இருக்கிறது. தெருவில் காய்ந்த பூவும் கிழிந்த காகிதமும். பெருக்க யாருக்கும் அவசரமில்லை.

மதியம் லாமாக் கறி உப்புக்கண்டம் வறுத்து, சோளம் அவித்து, முட்டை வைத்தேன். அம்மியில் தக்காளியும் மிளகாயும் நைத்த துவையல். செவேரோ அதைத் தொடவே இல்லை. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் துவையல் இல்லாமல் இவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"என்ன, உறைக்கலையா?"

"உதடு எரியுது. மவுத்பீஸ் கடிச்சது."

கார்னிவலில் ட்ரம்பெட் ஊதி ஊதி வந்த புண் என்கிறார். ஒவ்வொரு வருடமும் வரும், ஒரு வாரத்தில் ஆறும். இந்த முறை ஆறவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கீழுதட்டின் நடுவில் ஒரு பொருக்கு. அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறு ஒன்று. சாக்பீஸால் போட்ட கோட்டைக் கையால் தேய்த்துவிட்டது போல, உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

எப்போதிலிருந்து இப்படி? தினமும் பார்க்கும் முகத்தை நாம் பார்ப்பதே இல்லையோ?

மார்ச் 9, வியாழன்

இவரோடு பேண்டில் ஊதும் தொரிபியோ, உதட்டில் தடவ லாமாக் கொழுப்பு கொண்டுவந்து கொடுத்தார். பேண்டுக்காரர்களின் சர்வரோக நிவாரணி. வீடே நாறுகிறது.

மார்ச் 19, ஞாயிறு

தந்தையர் தினம். கொச்சபம்பாவிலிருந்து மகள் நியேவெஸ் வீடியோவில் அழைத்தாள். வாழ்த்துச் சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தி, "அப்பா, உதட்டுல என்ன அது? கிட்ட வாங்க" என்றாள். இவர் கிட்டப் போவதற்குப் பதில் போனை என் கையில் திணித்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது.

அவள் விடவில்லை. "அம்மா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. நீ சொன்னாக் கேப்பார்."

நான் சொன்னால் கேட்பாராம். எந்த வீட்டில் வளர்ந்தாள் இவள்?

ஏப்ரல் 3, திங்கள்

காலையில் அவர் கடித்துவைத்த ரொட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு.

சாயங்காலம் தொரிபியோ வந்தார். பேண்டில் ட்யூபா ஊதுகிறவர். நியேவெஸின் ஞானத்தகப்பன், அதனால் இவருக்குக் கொம்பாத்ரே, எனக்கும் கொம்பாத்ரே; நான் அவருக்குக் கொமாத்ரே. இருவரும் மேசையில் மவுத்பீஸ்களைப் பரப்பிக்கொண்டு, கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எது குற்றவாளி என்று விசாரணை நடத்தினார்கள். வெள்ளிப் பூச்சு உரிந்துவிட்டதாம், பித்தளை விஷமாம், குளிரில் உலோகம் உதட்டைப் பிடித்துக்கொள்ளுமாம்.

எனக்கு வகுப்பறைப் புத்தி வந்தது. "ஒரு சோதனை வைப்போம்," என்றேன். "ஒரு மாசம் ட்ரம்பெட்டைத் தொடாதே. மவுத்பீஸ்தான் காரணம்னா புண்ணு ஆறிடணும். ஆறினா நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆறலைன்னா டாக்டர்."

"வாத்தியாரம்மா ரிட்டயர் ஆகியும் பரீட்சை வைக்கிறதை விடலை பாரு," என்றார் தொரிபியோ.

"வைக்கட்டும். பாஸ் பண்றேன்," என்றார் செவேரோ.

துவையல் அரைப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு ஒருத்திக்காக எதற்கு?

மே 4, வியாழன்

மாதம் முடிந்தது. ட்ரம்பெட் உறையைவிட்டு வெளியே வரவில்லை. வார்த்தை தவறாதவர். புண் அப்படியே இருக்கிறது. இல்லை, கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

காலையில் சவரம் செய்கிற கண்ணாடியின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "எப்பப் போகணும்?" என்றார்.

ஜெயித்ததில் துளிகூட சந்தோஷமில்லை.

மே 9, செவ்வாய்

தோல் டாக்டர் மரிட்ஸா சின்னப் பெண்தான். ஆனால் வீட்டுக்குள்ளேயே நம்மைப் பார்த்த மாதிரி கேள்வி கேட்கிறாள்.

"எத்தனை வருஷமா ஊதறீங்க?"

"நாப்பது."

"பகல்லயா?"

"ஒத்திகை, ஊர்வலம், திருவிழா, கல்யாணம், எல்லாமே பகல்தான். ராத்திரியும் உண்டு."

"தொப்பி?"

"பேண்டுத் தொப்பி உண்டே."

"ஊதிக் காட்டுங்க. சும்மா கையை வச்சு."

இவர் இல்லாத ட்ரம்பெட்டைத் தூக்கினார். கழுத்து நிமிர்ந்தது, முகவாய் உயர்ந்தது, தொப்பியின் முன்பகுதி வானத்தைப் பார்த்தது. டாக்டர் கைவிளக்கை மேலே பிடித்தாள். ஒளி நேராகக் கீழுதட்டில் விழுந்தது.

"பார்த்தீங்களா? உடம்பிலேயே வெயிலுக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்கிற இடம் இது. நாப்பது வருஷ வெயில் இங்கதான் உக்காந்திருக்கு."

செவேரோ சிரித்துவிட்டார். "வெயிலா? டாக்டரம்மா, இது ஓருரோ. இங்க நாங்க குளிர்ல சாகறோம். வெயில் வேணும்னா சாந்தா குரூஸுக்குப் போகணும்."

"அங்க சூடுதான் அதிகம். இங்க நாம உயரத்துல இருக்கோம், வெயிலை மறைக்க நடுவுல காத்தே கம்மி. குளிர்றதால சுடறது உங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

உதட்டிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். எதற்காக என்று சொன்ன வாக்கியத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுச் சொன்னாள். அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

மே 10, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 23, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடியே எழுதிவைக்கிறேன், நாளைக்கு மனம் இதை மாற்றிவிடக் கூடாது. உதட்டின் பெரும்பகுதி கெட ஆரம்பித்திருக்கிறது, ஆனால் இன்னும் புற்றாகவில்லை. ஒரு புள்ளியில் மட்டும் தொடங்கியிருக்கிறது. பரவவில்லை. ஜூலையில் அந்த இடத்தை வெட்டித் தைத்துவிடலாம். மீதிக்குக் களிம்பு.

இவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்புறம் ஊத முடியுமா?"

"முடியும்னு நினைக்கிறேன். மூணு மாசம் தொடக் கூடாது. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா. சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்." பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா வெட்டறது மட்டும் போதாது. மூடணும். மழைக்காலம், குளிர்காலம், மேகம், பனி, எதுக்கும் விலக்கு கிடையாது. வருஷம் பூரா. மூடலைன்னா மறுபடி இங்கதான் வருவீங்க, அப்ப என்னால இவ்வளவு நிதானமாப் பேச முடியாது."

வீட்டுக்கு வரும் வழியில் ஊதா சோளக் கஞ்சி குடிக்க நின்றோம். குளிர்காலம் தொடங்கும் மே மாதத்து வெயில், வானம் கண்ணாடியாக இருந்தது, காற்று மட்டும் ஊசி. இவர் வழக்கம்போல நிழலைவிட்டு வெயிலில் போய் நின்றுகொண்டார். ஊரே அங்கேதான் நின்றது. குளிர்காய.

ஜூன் 2, வெள்ளி

வெயில் படாமல் பூச டாக்டர் கொடுத்த சன்ஸ்கிரீன் டப்பா மூடி திறக்காமல் இருக்கிறது. "வெளிய உறைபனி. இதைப் போய்ப் பூசச் சொல்றியே," என்கிறார்.

விளக்கிக் காட்டலாம் என்று அவித்த முட்டைக்கு ரொட்டித் துண்டால் ஒரு மூக்கும் ஒரு தடித்த உதடும் ஒட்டி, பாட்டில் மூடியைத் தொப்பியாக வைத்து, விளக்குக்குக் கீழே சாய்த்தேன். நான்காம் வகுப்புக்குப் பூமியும் சூரியனும் நடத்தும்போது இப்படித்தான் செய்வேன், ஒரு பிள்ளைகூட விளங்கவில்லை என்று சொன்னதில்லை. மூக்கு வரைக்கும் நிழல், உதட்டில் வெளிச்சம். அற்புதமாக அமைந்தது.

இவர் பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு முட்டையை உரித்துச் சாப்பிட்டுவிட்டார்.

ஜூன் 11, ஞாயிறு

கெஞ்சிக் கெஞ்சி இன்று பூசவைத்தேன். தெருமுனையில் தொரிபியோ பார்த்துவிட்டார். "கொம்பாத்ரே! எந்தச் செவுத்துல சாஞ்ச? சுண்ணாம்பு இன்னும் காயலை போலிருக்கே!" பக்கத்தில் நின்ற இரண்டு டிரம்காரர்களும் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் துடைத்துவிட்டார். ஒரு துளி மிச்சமில்லாமல்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். ஆமாம், கத்தினேன். முப்பது வருஷம் பிள்ளைங்களை அதட்டாத நான்! "உன் உதடு போனா அவன் வந்து ஊதுவானா? சிரிச்சானே, அவனா வந்து உனக்குச் சோறு ஊட்டுவான்? போ, போய் வெயில்ல நில்லு, நல்லா நில்லு, எனக்கென்ன!"

எனக்கென்ன என்று சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இவர் கெட்டிலில் தண்ணீர் வைத்தார்.

இவருக்குப் பயம். நான் அதைப் பார்க்கவில்லை. கிரீமைப் பூசினால் நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பூசாதவரைக்கும் இது மவுத்பீஸ் கடித்த புண்தான்.

ஜூன் 24, சனி

செவேரோவின் தங்கை ஃபோர்துனாத்தா வீட்டில் எழுதுகிறேன். உருளைக்கிழங்கை உறையவைத்து வற்றலாக்கும் வேலைக்காக எல்லா வருடமும் சான் ஹுவான் இரவுக்கு இங்கே வந்துவிடுவோம். வருடத்திலேயே கொடுங்குளிர் இந்த இரவில்தான். கிழங்கை வைக்கோல்மேல் பரப்பி வெட்டவெளியில் விட்டால் கல்லாக உறைந்துவிடும்.

மற்றவர்கள் பகலிலும் அப்படியே போட்டு வெயிலில் காயவிடுவார்கள். அது கறுப்பாகும். இவர்கள் வீட்டில் வெள்ளைதான். வெள்ளைக்குச் சூரியன் ஆகாது. உறைந்த கிழங்கைச் சூரியன் எழுவதற்கு முன்னால் வாரிக் கூட்டி, வைக்கோல் போட்டு மூடிவிட வேண்டும். சில இரவுகள் உறைந்தபின் மூட்டைகட்டி ஓடைத் தண்ணீருக்குள். அதிலும் மேலே புல்லைப் போட்டு மறைத்துத்தான்.

இன்று விடியலில் என் விரல்கள் விறைத்துவிட்டன. என் பக்கத்து வரிசை அப்படியே கிடந்தது. கையை அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். மலைமுகட்டில் வெளிச்சம் ஏறியது.

"என்ன பண்றே அங்க! மூடு, மூடு!" என்று செவேரோ அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தார். "வெயில் பட்டுதுன்னா போச்சு! கறுத்துடும்!"

"இந்தக் குளிர்லயா?" என்று கேட்டேன். உண்மையாகவே வாயில் வந்துவிட்டது. எதையும் நினைத்துக் கேட்கவில்லை.

"குளிராவது ஒண்ணாவது! ஜூன் வெயில்தான்டி மோசம், அது உனக்குத் தெரி..."

நின்றுவிட்டார். கை நிறைய வைக்கோல். முகத்தில் சூரியன் விழுந்துகொண்டிருந்தது. உதட்டுப் பொருக்கின் மேல் நேராக.

நான் எதுவும் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் செய்த மிகக் கடினமான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். பதில் பிள்ளையின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டால் ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். குனிந்து கிழங்கை வாரினேன். இவரும் வாரினார். எல்லாவற்றையும் மூடி முடித்த பிறகு, கழுத்துத் துணியை மெதுவாக மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஃபோர்துனாத்தா பார்த்துவிட்டு, "என்னண்ணே, கொள்ளையடிக்கப் போறியா?" என்றாள்.

"ஆமா. உன் கிழங்கை," என்றது துணிக்குள்ளிருந்து குரல்.

ஜூலை 12, புதன்

வெட்டித் தைத்துவிட்டார்கள். முழுவதும் எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னாள். ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவாம். கீழுதடு வீங்கி, சுருக்குப்பை வாய் போல இருக்கிறது. பேசக் கூடாது. விரலால் என் கையில் எழுதினார்: சூப்.

ஜூலை 15, சனி

உறிஞ்சுகுழலில் சூப். தொரிபியோ பார்க்க வந்தார், வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கேலி எதுவும் இல்லை. கேலி இல்லாத தொரிபியோவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஆகஸ்டின் முதல் வெள்ளி. முற்றத்தில் கரி மூட்டிப் பூமித்தாய்க்குப் படையல் வைத்தோம். சர்க்கரைப் பொம்மைகள், கோகா, லாமாக் கொழுப்பு. வீடு வேண்டுகிறவர்கள் சர்க்கரையில் செய்த வீட்டை வைப்பார்கள், வண்டி வேண்டுகிறவர்கள் வண்டியை. இவர் சந்தையில் வெகுநேரம் தேடியிருக்கிறார். ட்ரம்பெட் கிடைக்கவில்லை. ஒரு சர்க்கரைச் சேவலை வைத்தார். "இதுவும் விடியல்ல ஊதறதுதானே," என்றார்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று நாயைக் கூப்பிட விசிலடித்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். காற்று. நாய் தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது, பிறகு பாவம், எதற்கும் இருக்கட்டும் என்று தானே எழுந்து வந்து காலடியில் படுத்தது.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.

செப்டம்பர் 21, வியாழன்

வசந்தம் பிறந்துவிட்டது. பழைய மாணவிகள் இருவர் பூக்கொத்தோடு வந்தார்கள். வழியனுப்ப வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து குரல்: "எங்கே போறே வெறுந்தலையோட?"

கதவுக்குப் பக்கத்தில் இவரே ஒரு பலகை அறைந்திருக்கிறார். சாவிக்கு ஓர் ஆணி, அகலத் தொப்பிக்கு ஓர் ஆணி, கழுத்துத் துணிக்கு ஒன்று. கீழே சின்னத் தட்டில் சன்ஸ்கிரீனும் உதட்டு மெழுகும். சாவியை எடுக்க வேண்டுமென்றால் தொப்பியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அப்படி அறைந்திருக்கிறார். மேகம் மூடியிருந்தாலும் பூசுகிறார். காதின் பின்புறம், கழுத்து, புறங்கை. கடைக்குப் போய் இரண்டு மணி நேரமானால் வந்து மறுபடி பூசுகிறார்.

என் மாணவிகள் கைதட்டினார்கள். இவருக்கு வெட்கம்.

முட்டையால் முடியாததைக் கிழங்கு செய்தது. எந்த உதாரணம் யாருக்குத் திறக்கும் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

டாக்டர் அனுமதித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் உறையைத் திறந்தார். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன், கத்தியை நிறுத்தவில்லை, நிறுத்தினால் நான் கவனிப்பது தெரிந்துவிடும்.

முதலில் காற்று. பிறகு எருமை செருமுவது போல ஒன்று. பிறகு கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு ஒரு சுரம். மெலிதாக, ஓரம் நடுங்கிக்கொண்டு. நின்றது. அதே சுரம் மறுபடி வந்தது.

வந்துவிட்டது! வந்துவிட்டது. சீவிய கிழங்கு விரலளவுக்கு மெலிந்துவிட்டது.

அக்டோபர் 29, ஞாயிறு

ஒரு சிக்கல். மெழுகைப் பூசிக்கொண்டு ஊதினால் மவுத்பீஸ் சோப்புபோல் வழுக்குகிறது. துடைத்துவிட்டு ஊதினால் வெயில். துணியால் மூடினால் ஊதவே முடியாது. முற்றத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். கடைசியில் வாசற்படியில் உட்கார்ந்து, "அப்ப இவ்வளவுதானா?" என்றார். என்னிடம் கேட்டதா, ட்ரம்பெட்டிடமா?

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 

நவம்பர் 12, ஞாயிறு

அடுத்த கார்னிவலுக்கான முதல் முன்னோட்ட ஊர்வலம். நடுப்பகல், ஒரு துண்டு மேகமில்லை. செவேரோ நடைபாதையில் கடை நிழலில் நின்று பார்த்தார், தொப்பியும் துணியுமாக. பேண்டு எங்களைக் கடந்தபோது அவருடைய விரல்கள் ட்ரம்பெட்டின் விசைகளை அழுத்துவது போலக் கால்சட்டைமேல் அழுத்திக்கொண்டே இருந்தன, ஒன்று, மூன்று, ஒன்று, இரண்டு. அவருடைய இடத்தில் யாரோ ஓர் இளைஞன். நன்றாகத்தான் ஊதினான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், "நல்லா ஊதறான் அந்தப் பையன். உதட்டுல ஒண்ணும் பூசலை," என்றார்.

டிசம்பர் 3, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். தொரிபியோ. செவேரோ வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"கொமாத்ரே, ஒரு நிமிஷம். வெளிச்சத்துக்கு வாங்க. இல்ல, நிழலுக்கு. எங்கயாவது." கீழுதட்டை விரலால் மடித்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாகச் செதில். "சும்மா குளிர் வெடிப்புதானே? சொல்லுங்க, குளிர் வெடிப்புதானே?"

ஜூன் மாதம் நான் கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்தது. சுண்ணாம்புச் சுவர் என்று சிரித்த வாய் இது. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"எனக்குத் தெரியாது கொம்பாத்ரே. தெரிஞ்ச ஒருத்தர் இருக்காங்க. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"செவேரோகிட்டச் சொல்லாதீங்க."

"நீங்களே சொல்லிடுங்க. உங்க கேலிக்கு அவரு பாக்கி வச்சிருக்காரு, ஒரு தடவை சிரிச்சுக்கட்டும்."

டிசம்பர் 5, செவ்வாய்

தொரிபியோவுக்கு ஆரம்பம்தான். வெட்டு இல்லை. களிம்பும், மூடலும். செவேரோ சிரிக்கவில்லை. கதவுப் பலகையில் இன்னோர் ஆணி அறைந்தார், கொம்பாத்ரே வந்தால் தொப்பி மாட்ட.

டிசம்பர் 17, ஞாயிறு

பேண்டுத் தலைவர் எலோயிடம் செவேரோ ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். சூரியன் இல்லாத நேரமெல்லாம் ட்ரம்பெட். விடியலுக்கு முன், பொழுது சாய்ந்தபின். வெயில் இருக்கும்போது, மூடிக்கொண்டு, பெரிய டிரம். டிரம்முக்கு உதடு வேண்டாமே.

எலோய் முகத்தைச் சுளித்தாராம். "ட்ரம்பெட் வரிசையில பாதி நாள் ஆளா? ஷிப்டு வேலைக்கு இது சுரங்கமா?"

அதற்குத் தொரிபியோ, "அப்ப நானும் பாதி நாள் ஆளுதான்," என்று ட்யூபாவைத் தரையில் இறக்கிவைத்துவிட்டாராம். அந்த ட்யூபா இல்லாவிட்டால் பேண்டே கால் ஊன்றி நடக்க முடியாது, எலோய்க்குத் தெரியும். பிறகு தொரிபியோ நடுவில் நின்று எல்லாருடைய கீழுதட்டையும் மடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். முதலில் சிரிப்பு. அப்புறம் ஒருவர் மற்றவர் உதட்டைப் பார்க்கப் பார்க்கச் சத்தம் குறைந்ததாம்.

"எலோய் உதடு?" என்று கேட்டேன்.

"அவரு மடிக்கலை. ஆனா புதுத் தொப்பி எங்க கிடைக்கும்னு விசாரிச்சாரு."

ஜனவரி 7, ஞாயிறு

மழைக்காலம். மேகம். இருந்தாலும் ஒத்திகை நிழலில் நடந்தது, சந்தைக் கூரைக்கு அடியில். புதுத் தொப்பிகள் வந்துவிட்டன. அகல விளிம்பு, பின்கழுத்துக்குத் துணி. "பேண்டு மாதிரி இல்ல, தேன் எடுக்கப் போற கூட்டம் மாதிரி இருக்கோம்," என்கிறார் தொரிபியோ.

பிப்ரவரி 6, செவ்வாய்

டாக்டரிடம் பரிசோதனை. உதடு சுத்தம். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னாள். "மூடறதை நிறுத்திடாதீங்க," என்றாள்.

"சொல்லணுமா டாக்டரம்மா? கிழங்கு விவசாயி நான்," என்றார். அவளுக்கு விளங்கவில்லை.

பிப்ரவரி 11, கார்னிவல் ஞாயிறு

நேற்று பகல் முழுக்கப் பெரிய டிரம் அடித்தார், கண் மட்டும் தெரிய. இருட்டியதும் ட்ரம்பெட்டுக்கு மாறினார். பிறகு விடியலை வரவேற்க எல்லாப் பேண்டுகளும் கோயிலுக்கு முன்னால் கூடின. நானும் போனேன், கம்பளி மேல் கம்பளியாக. அந்த ஓசையைக் காதால் கேட்பதில்லை, விலா எலும்பால்தான் கேட்க வேண்டும்.

கூட்டத்துக்குள் அவருடைய ட்ரம்பெட்டைத் தேடினேன். கிடைத்தது. தைத்த உதட்டின் ஓசையில் பழைய கூர்மை இல்லை. ஓரத்தில் கொஞ்சம் காற்று கலந்து, கரகரப்பாக, வேறொரு குரல். எனக்கு அது பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது மலைக்குப் பின்னால் வானம் வெளுத்திருந்தது. மற்ற பேண்டுகள் ஊதிக்கொண்டே இருந்தன. செவேரோ பாட்டை முடித்து, ட்ரம்பெட்டைத் தாழ்த்தி, சட்டைப் பையிலிருந்து மெழுகை எடுத்து உதட்டில் இழுத்தார். பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். அவர் தன் பையைத் தட்டி, தன்னுடையதையே எடுத்தார். அந்த வரிசை முழுக்கக் கைகள் பைக்குள் போயின. நவம்பரில் இவர் இடத்தில் ஊதிய அந்த இளைஞனும்.

முகட்டில் முதல் கீற்று எட்டிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து தொரிபியோவின் குரல் இடிபோல வந்தது: "கிழங்கை மூடுங்கடா!"

சிரித்துக்கொண்டே எல்லாரும் துணியை மேலே இழுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து உப்புக்கண்டம் வறுத்தேன்.  நாற்காலியில் உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், உப்பு ஜாடியை நகர்த்திப் பார்த்தார்.

"என்ன தேடறே?"

"துவையல் எங்க?"

போன ஏப்ரலிலிருந்து அரைக்கவே இல்லை. அம்மியின் மேல் பூந்தொட்டி வைத்திருந்தேன். அதை இறக்கிவைத்துவிட்டு, கல்லைக் கழுவினேன். வீட்டில் இருந்தது இரண்டே மிளகாய். இரண்டையும் போட்டேன்.